முன்குறிப்பும் பொது அருளும்: கால்வினிய – அர்மீனிய விவாதத்திற்குப் பூனை – குரங்கு உவமை பொருந்துமா?

ஆய்வுச்சுருக்கம்

மீட்படைவோர் இன்னார் எனக் கடவுள் ஆதியிலேயே தெரிந்தெடுத்துவிட்டார் என்பது கிறித்தவத்தின் முன்குறிப்புக் கோட்பாடு. கடவுளின் கிருபை மானிடர் அனைவரையும் நோக்கியது என்பது அதன் எதிர்நிலை. இவ்விரு நிலைகளையும் முறையே தென்கலை, வடகலை வைணவ நெறிகளோடு இணைவைத்து விளக்கும் போக்கு ஒப்பியல் எழுத்துகளில் காணப்படுகிறது. அந்த இணைவைப்பை இக்கட்டுரை மறுஆய்வு செய்கிறது. வைணவ விவாதம் அருள் எவ்வாறு செயற்படுகிறது என்பதையும், கிறித்தவ விவாதம் அருள் யாரைச் சென்றடைகிறது என்பதையும் முதன்மையாக வினவுகின்றன. இரண்டிற்கும் தருக்க அடித்தளம் ஒன்றே. எனினும் மீட்புக்குரிய கால எல்லை பற்றிய கருத்து வேறுபடுவதால் அவற்றின் விளைவுகளும் வேறுபடுகின்றன என்பது இக்கட்டுரையின் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: முன்குறிப்பு, தெரிந்தெடுப்பு, கிருபை, நிர்ஹேதுகம், வியாஜம், சர்வமுக்தி, பனியன், கூப்பர், இரட்சணிய யாத்திரிகம்

முன்னுரை

ஜெர்மானிய இறையியலறிஞர் ருடால்ஃப் ஓட்டோ, இந்தியாவின் அருட்சமயத்தைக் கிறித்தவத்தோடு ஒப்பிட்டு 1930ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். இராமாநுசர் வழிவந்த வைணவத்தில் இறையருள் பெறும் முதன்மையை அவர் விரிவாக எடுத்துக்காட்டினார். ஒற்றுமைகளைப் பட்டியலிட்ட பின்னும், இரு சமயங்களும் வெவ்வேறு அச்சுகளில் சுழல்பவை என்றே அவர் முடித்தார். பின்வந்த ஒப்பியல் எழுத்துகள் பலவற்றில் அந்த எச்சரிக்கை மங்கி, ஒற்றுமை மட்டும் எஞ்சியது. தாய்ப்பூனை கவ்விச் செல்லும் குட்டி கால்வினியத்திற்கும், தாயைப் பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டி அர்மீனியத்திற்கும் உவமையாயின.

இவ்வுவமை வகுப்பறைக்கு எளிது. ஆய்வுக்கு அது போதுமா என்பது தனி வினா. பூனைக்குட்டி தாயால் எவ்வாறு காக்கப்படுகிறது என்பதை உவமை விளக்குகிறது. தாய் ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு மற்றொன்றை விட்டுச் சென்றால் அதற்குக் காரணம் என்ன என்னும் வினா உவமைக்குள் எழுவதில்லை. கிறித்தவ உலகைப் பதினைந்து நூற்றாண்டுகளுக்கு மேலாக அலைக்கழித்தது அந்த இரண்டாவது வினாவேயாகும்.

1. ஒரு சொல், இரு மரபு

இந்த இணைவைப்பு எளிதில் ஏற்கப்பட்டதற்கு மொழியும் ஒரு காரணம். சீர்திருத்தச் சபையினரின் தமிழ் வேதாகமம் 'கிருபை' என்னும் சொல்லை ஆள்கிறது. பழைய கத்தோலிக்கச் செபங்களில் 'பிரியதத்தம்' என்னும் சொல் வழங்கியது. இக்காலக் கத்தோலிக்க வழக்கு 'அருள்' என்பதாகும். இவற்றுள் 'கிருபை' வைணவ ஆசாரியர்களின் மணிப்பிரவாள நூல்களில் முன்பே வேரூன்றிய கலைச்சொல். 'நிர்ஹேதுக கிருபை' என்னும் தொடரைக் கற்றவர் வேதாகமத்தின் 'கிருபை'யைப் படிக்கும்போது இரண்டும் ஒன்றே எனக் கொள்வது இயல்பு.

சொல் ஒன்றாயினும் அதனைச் சூழ்ந்த கலைச்சொற்கள் வேறு. வேதாகமத்தில் கிருபையோடு 'முன்குறித்தல்', 'தெரிந்துகொள்ளுதல்' ஆகிய சொற்கள் வருகின்றன. வைணவத்தில் அதனோடு 'உபாயம்', 'வியாஜம்', 'பிரபத்தி' ஆகியவை வருகின்றன. முன்னவை தெரிவைக் குறிப்பன. பின்னவை வழியைக் குறிப்பன. இந்த வேறுபாடே இரு விவாதங்களின் திசையையும் காட்டிவிடுகிறது.

2. ஒருங்கு நில்லா மூன்று கூற்றுகள்

கிறித்தவ விவாதத்தின் தருக்க வடிவத்தை மூன்று கூற்றுகளில் அடக்கலாம். ஒன்று, மீட்பு கிருபையால் மட்டுமே கிடைக்கிறது. அக்கிருபையை எவராலும் தடுக்க இயலாது. இரண்டு, அனைவரும் மீட்படைய வேண்டும் என்பது கடவுளின் விருப்பம். மூன்று, அனைவரும் மீட்படைவதில்லை. இவற்றுள் எந்த இரண்டை ஏற்றாலும் மூன்றாவதைக் கைவிடவோ திருத்தவோ நேர்கிறது.

மூன்றுக்கும் வேதாகமச் சான்று காட்டப்படுகிறது. உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் 9ஆம் அதிகாரம், பிறக்குமுன்பே யாக்கோபு தெரிந்தெடுக்கப்பட்டதையும் குயவன் கைக் களிமண்ணையும் பேசுகிறது. திமோத்தேயுவுக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 2ஆம் அதிகாரம், எல்லா மனிதரும் மீட்புப் பெறக் கடவுள் விரும்புவதைக் கூறுகிறது. மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரம் இறுதித் தீர்ப்பில் மானிடர் இரு பிரிவாகப் பிரிக்கப்படுவதைச் சித்திரிக்கிறது. எனவே இது வேதாகமத்தை ஏற்றவர், மறுத்தவர் என்னும் இரு தரப்பினரின் பூசல் அன்று. ஒரே நூலை ஏற்றவர்களுக்கிடையே எந்தப் பகுதியைக் கொண்டு எந்தப் பகுதிக்குப் பொருள் காண்பது என்பது பற்றிய பூசல்.

அகஸ்தீன் முதற்கூற்றைப் பற்றி நின்றார். கடவுள் கட்டளையிடுவதைச் செய்யும் ஆற்றலையும் அவரே தரவேண்டும் என்னும் அவரது வேண்டுதல் பெலாஜியசைச் சினங்கொள்ளச் செய்தது என அகஸ்தீனே பதிவு செய்துள்ளார். முயற்சிக்கு இடமில்லையெனில் அறத்திற்குப் பொருளில்லை என்பது பெலாஜியசின் நிலை. 418இல் கூடிய கார்த்தேஜ் சங்கம் பெலாஜியக் கருத்துகளைக் கண்டித்தது. ஆயினும் அகஸ்தீனின் முழுநிலையையும் திருச்சபை அப்படியே ஏற்கவில்லை. 529இல் கூடிய ஆரஞ்சு சங்கம் கிருபையின் முதன்மையை உறுதிசெய்தது. அதேவேளை, தீமைக்கென எவரும் கடவுளால் முன்குறிக்கப்பட்டனர் என்னும் கருத்தை மறுத்தது. 'எல்லா மனிதரும்' என்பதற்கு 'எல்லா வகை மனிதரும்' என அகஸ்தீன் கண்ட பொருள் இரண்டாம் கூற்றைச் சுருக்கும் முயற்சியாகும். கால்வினும் அவ்வழியே சென்றார்.

மூன்றாம் கூற்றைக் கைவிட்டவர்களும் உளர். இறுதியில் அனைத்தும் கடவுளிடம் மீளும் என்னும் ஓரிகனின் சிந்தனை, 553ஆம் ஆண்டின் கான்ஸ்டான்டிநோபிள் பொதுச்சங்கத்தோடு தொடர்புடைய கண்டனங்களால் விலக்கப்பட்டது. அவ்வழி அடைபட்ட பின், மேலைக் கிறித்தவத்தின் பெரும்போக்கில் முதலிரு கூற்றுகளுக்கிடையே மட்டுமே போர் நிகழ்ந்தது.

3. டார்ட் பேரவையும் அர்மீனியசின் இரவலனும்

கால்வினின் 'கிறித்தவ சமய நெறிமுறைகள்' 1536இல் முதலில் வெளிவந்து 1559இல் இறுதி வடிவம் பெற்றது. சிலர் வாழ்வுக்கும் சிலர் அழிவுக்கும் முன்குறிக்கப்பட்டுள்ளனர் என்பதை அவர் மறைக்கவில்லை. அந்த ஆணை அச்சம் தருவது என்பதையும் அவரே ஒப்புக்கொள்கிறார். ஆயினும் கடவுளின் விருப்பத்திற்கு மேலான நீதி ஒன்றை வைத்து அதனை அளப்பது இயலாது என்பது அவரது விடை.

லெய்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் அர்மீனியஸ் 1609இல் மறைந்தார். மறு ஆண்டில் அவர் வழிநின்றோர் ஐந்து கூற்றுகள் கொண்ட முறையீட்டை முன்வைத்தனர். 1618 நவம்பரில் தொடங்கி 1619 மே வரை நடந்த டார்ட் பேரவை அவற்றை மறுத்தது. நிபந்தனையற்ற தெரிந்தெடுப்பு, தடுக்கவியலா அருள் முதலிய கோட்பாடுகள் அங்கு வரையறுக்கப்பட்டன. இறையியலோடு நெதர்லாந்தின் அரசியலும் பின்னிக் கிடந்தது. அர்மீனியத் தரப்பை ஆதரித்த அரசியல் தலைவர் ஓல்டன்பார்னவெல்ட் 1619 மே 13 அன்று தலை வெட்டிக் கொல்லப்பட்டார். சிறைப்பட்ட சட்ட அறிஞர் குரோஷியஸ் 1621இல் புத்தகப் பெட்டிக்குள் ஒளிந்து தப்பினார்.

இங்குப் பூனை – குரங்கு உவமையின் முதற்குறை வெளிப்படுகிறது. அர்மீனியரைத் தன்முயற்சிவாதிகளாக அது காட்டுகிறது. மனிதன் தன் ஆற்றலால் மீட்புக்குரிய நம்பிக்கையை அடைய இயலாது என்பதை 1610ஆம் ஆண்டு முறையீடே ஏற்கிறது. முந்திவரும் கிருபை மனிதனை எழுப்புகிறது; எழுப்பப்பட்டவன் அதனை மறுக்கவும் கூடும் என்பதே அவர்கள் சேர்க்கும் கருத்து. செல்வர் ஒருவர் இரவலனுக்குப் பிச்சையிடுகிறார். பெறுவதற்காக அவன் கை நீட்டியதனால் அது கொடை அல்லாமல் போய்விடுமா என வினவுகிறார் அர்மீனியஸ். இந்த இரவலனின் கை குரங்குக்குட்டியின் கை அன்று. குரங்குக்குட்டி தன் வலிமையால் தொங்குகிறது. இரவலனின் கையில் வலிமை எதுவும் இல்லை, வெறுமை மட்டுமே உள்ளது.

டார்ட் பேரவையின் நிலையையும் எளிமைப்படுத்தல் ஆகாது. கிறித்துவின் மரணம் உலக முழுமையின் பாவத்திற்கும் போதுமான மதிப்புடையது என்றும், நற்செய்தி வேறுபாடின்றி அறிவிக்கப்படவேண்டும் என்றும் அதன் விதிகள் கூறுகின்றன. அந்த மரணத்தின் பயன் தெரிந்தெடுக்கப்பட்டோரைச் சேர்கிறது என்பதே வரையறை. போதுமை அனைவருக்கும், பயன் சிலருக்கு என்னும் இப்பாகுபாடு பிற்காலக் கால்வினியருள்ளும் பூசலை விளைத்தது. தெரிந்தெடுக்கப்படாதவனை நோக்கி 'நம்பு' என அழைப்பது பொருளுடையதா என்னும் ஐயத்திற்கு, ஆண்ட்ரூ ஃபுல்லர் 1785இல் வெளியிட்ட நூலில் 'பொருளுடையதே' என விடை கூறினார். அச்சிந்தனைச் சூழலிலிருந்தே வில்லியம் கேரி 1793இல் வங்காளம் வந்தார்.

4. வைணவ விவாதத்தின் உண்மையான இடம்

தென்கலை, வடகலை நெறிகளின் மூல நூல்கள் பிள்ளை லோகாசாரியரின் 'ஸ்ரீவசனபூஷணம்', வேதாந்த தேசிகரின் 'ரஹஸ்யத்ரயஸாரம்' ஆகியன. இறைவனின் கிருபைக்கு உயிரிடத்தில் எக்காரணமும் வேண்டுவதில்லை என்பது முன்னவர் நெறி. சரணாகதி ஒரு வியாஜமாக, அதாவது சாக்காக, அமையவேண்டும் என்பது பின்னவர் நெறி. தேசிகர் கூறும் வியாஜம் அருளை விலைக்கு வாங்கும் முயற்சி அன்று. மீட்கும் உபாயம் இறைவனே என்பதில் இரு நெறியும் உடன்படுகின்றன. அர்மீனியசின் இரவலன் நீட்டிய கைக்கு ஒப்புமை தேடினால், அது குரங்குக்குட்டியிடம் கிடைப்பதில்லை. தேசிகரின் வியாஜத்தில் கிடைக்கிறது.

இரு விவாதங்களும் உண்மையில் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு. கிருபை காரணமற்றது எனில் இறைவன் ஒருவனுக்கு அருளி மற்றவனை விடுவது பாரபட்சமாகும். பாரபட்சம் இல்லையெனில் அனைவரும் ஒருங்கே முக்தியடைய நேரும் என்பது நிர்ஹேதுகக் கோட்பாட்டின்மீது எழுப்பப்பட்ட தடை. இரண்டாவது விளைவைச் 'சர்வமுக்திப் பிரசங்கம்' என்பர். மேலே கண்ட மூன்று கூற்றுகளின் முரணே இங்கு வேறு சொற்களில் வருகிறது. அர்மீனியர் கால்வினியரை நோக்கி வினவியதையே வடகலையார் தென்கலையாரை நோக்கி வினவினர்.

ஆனால் தென்கலை நெறி இத்தடைக்கு ஆதி ஆணையை விடையாகக் கூறவில்லை. உயிர் அறியாமல் செய்த சிறு செயல்களையும் இறைவன் நற்செயலாக எண்ணிக்கொள்கிறான் என ஸ்ரீவசனபூஷணம் விளக்குகிறது. ஒருவன் தற்செயலாகத் திருப்பதியின் பெயரைச் சொல்லியிருக்கலாம். அடியார் ஒருவரின் களைப்பை அறியாமலே போக்கியிருக்கலாம். இறைவன் அவற்றைத் தானே தேடி எடுத்து அவன் கணக்கில் எழுதுகிறான். கைவிடுவதற்கு அன்று, காப்பதற்கே சாக்குத் தேடும் இறைவனின் சித்திரம் இது. கால்வினிடத்தில் காரணமின்மை தெரிந்தெடுப்பு, கைவிடல் ஆகிய இரண்டிற்கும் பொது. பிள்ளை லோகாசாரியரிடத்தில் காரணமின்மை அருளுக்கு மட்டுமே உரியது.

இந்தியச் சமயங்களுள் முன்குறிப்புக்கு நெருங்கிய இணை தேடவேண்டுமெனில் மத்துவரின் தத்துவவாதத்தில் தேடலாம். முக்திக்குரியோர், என்றும் பிறவியில் சுழல்வோர், இருளுக்குரியோர் என உயிர்களை அது மூவகைப்படுத்துகிறது. அங்கும் வேறுபாட்டிற்கு அடிப்படை உயிரின் இயல்பே. சைவ சித்தாந்தம் மற்றொரு வழியை மேற்கொள்கிறது. ஞாயிற்றின் ஒளி எல்லாத் தாமரைகள்மீதும் படினும் பருவமுற்றதே மலர்வதுபோல, மலபரிபாகம் எய்திய உயிரில் சத்திநிபாதம் நிகழ்கிறது. இதனால் அருளின் பொதுமையும் அதன் பயன் ஒருங்கே நிகழாமையும் முரணின்றி அமைகின்றன.

5. காலம் என்னும் வேறுபாடு

ஒரே தருக்கச் சிக்கல் இரு மரபுகளிலும் வெவ்வேறு கடுமையோடு தோன்றுவதற்குக் காரணம் காலம் பற்றிய கருத்தாகும். பிறவித் தொடரை ஏற்ற மரபில் 'அருள் பெறாதவன்' என்னும் சொல்லுக்கு 'இன்னும் பெறாதவன்' என்று பொருள் கொள்ள இடமுண்டு. ஒரே பிறவி, ஒரே தீர்ப்பு என்னும் மரபில் அச்சொல் 'ஒருபோதும் பெறாதவன்' என முடிந்துவிடுகிறது. மத்துவரின் தத்துவவாதம் பிறவித் தொடரை ஏற்றும் 'ஒருபோதும்' என்பதையே கூறுவதால், பிறவித் தொடர் மட்டுமே எல்லா இடர்களையும் நீக்கிவிடுவதாகக் கொள்ள இயலாது. ஆயினும் 'இன்னும்' என்னும் சொல்லுக்கு இடம் தரும் மரபில் பாரபட்சம் என்னும் குற்றச்சாட்டின் கூர்மை குறைகிறது. தென்கலையார் தாய்ப்பூனையை அச்சமின்றிப் போற்ற முடிந்தது இதனாலேயாம். விடப்பட்ட குட்டிக்காகத் தாய் மீண்டும் வரும் காலம் அங்கு எஞ்சியிருக்கிறது.

6. இலக்கியம் காட்டும் உளநிலை

கோட்பாட்டின் விளைவை இறையியல் நூல்களைவிட இலக்கியம் துல்லியமாகக் காட்டுகிறது. 1666இல் வெளிவந்த ஜான் பனியனின் தன்வரலாறு இதற்கு முதற்சான்று. தான் தெரிந்தெடுக்கப்பட்டவனா என்னும் ஐயமும், கிருபையின் நாள் கடந்துவிட்டதோ என்னும் அச்சமும் அதில் மாறிமாறி வருகின்றன. பெட்ஃபோர்டில் ஏற்கெனவே மனந்திரும்பியவர்களே அப்பகுதியில் கடவுள் மீட்கவிருந்த அனைவரும் எனவும், தான் காலந்தாழ்ந்து வந்துவிட்டதாகவும் அவர் அஞ்சுகிறார். லூக்கா நற்செய்தியின் விருந்து உவமையில் இன்னும் இடமிருப்பதாகக் கூறப்படும் செய்தியே அவரைத் தேற்றுகிறது. தெரிந்தெடுப்புப் பற்றிய அச்சம் காலம் பற்றிய அச்சமாகவே அவரிடம் உருக்கொள்கிறது என்பது குறிப்பிடத்தக்கது.

1678இல் வெளிவந்த 'மோட்சப் பயண'த்தின் முதற்பகுதியில் இவ்விரட்டை நிலை கதையமைப்பாகிறது. இடுக்கமான வாயில் தட்டுவோருக்கெல்லாம் திறக்கிறது. ஆயினும் விளக்கம் கூறுவோன் இல்லத்தில் இருப்புக் கூண்டிலுள்ள மனிதன் தனக்கு மனந்திரும்பும் வாய்ப்பே இல்லை என்கிறான். இறுதியில் அறியாமை என்னும் பாத்திரம் விண்ணக வாயில்வரை வந்தும் முத்திரைச் சுருள் இல்லாமையால் நரகில் தள்ளப்படுகிறது. தொடக்கத்தில் திறந்த வாயிலும் முடிவில் அடைபட்ட வாயிலும் ஒரே கடவுளுடையவை. இம்முரணைப் பனியன் தீர்க்கவில்லை; பயணம் என்னும் வடிவத்தில் அதனைத் தாங்கிக்கொள்கிறார்.

வில்லியம் கூப்பரால் அவ்வாறு தாங்க இயலவில்லை. ஜான் நியூட்டனோடு சேர்ந்து 1779இல் 'ஓல்னி பாடல்கள்' தொகுதியை வெளியிட்ட இக்கவிஞர், 1773இல் கண்ட கனவொன்றின் பின் தாம் மீளமுடியாதபடி கைவிடப்பட்டவர் என்றே நம்பினார். கடலில் விழுந்த மாலுமியைப் பற்றி 1799இல் எழுதிய கவிதை அந்நம்பிக்கையின் வெளிப்பாடாகும். கப்பலிலுள்ள தோழர்கள் கொடியவர்கள் அல்லர். மிதக்கும் பொருள்களை வீசுகின்றனர். காற்றின் வேகத்தால் கப்பலை நிறுத்த மட்டும் இயலவில்லை. மாலுமி நெடுநேரம் நீந்தி மூழ்குகிறான். அவனிலும் ஆழமான சுழியில் தாம் மூழ்குவதாகக் கவிஞர் முடிக்கிறார். கூப்பரின் உளநோய்க்குக் கோட்பாடே காரணம் என்பது மிகைக்கூற்று. கோட்பாடு அந்நோய்க்கு ஒரு மொழியைத் தந்தது என்பதே அளவான கூற்று. நற்செய்தியின் கிருபையைப் பிறருக்காகப் பாடிய ஒருவர், அதில் தமக்கு மட்டும் பங்கில்லை என நம்புவதற்கு அக்கோட்பாட்டில் இடமிருந்தது.

மறுபக்கத்தையும் கூறுதல் வேண்டும். இங்கிலாந்துத் திருச்சபையின் 39 விதிகளுள் 17ஆவது விதி, முன்குறிப்பைச் சிந்திப்பது இறைப்பற்றுடையோருக்கு இனிய ஆறுதல் என்கிறது. ஆவியற்றோர் அதனையே எண்ணிக்கொண்டிருப்பது ஆபத்து எனவும் அதுவே எச்சரிக்கிறது. தன் தகுதியில் நம்பிக்கை இழந்தவனுக்குத் தகுதி தேவையில்லை என்னும் செய்தி விடுதலையாகும். துன்புறுத்தப்பட்ட சபைகளுக்கு அது உறுதியளித்தது. ஜான் வெஸ்லி 1739இல் பிரிஸ்டலில் நிகழ்த்திய 'இலவச அருள்' என்னும் அருளுரையில் முன்குறிப்பைக் கடுமையாகத் தாக்கினார். அவருடைய நண்பர் விட்ஃபீல்ட், தெரிந்தெடுப்பே கிருபையின் இலவசத்தன்மைக்குக் காப்பு என மறுமொழி எழுதினார். கிருபை தகுதியைப் பார்ப்பதில்லை என்பது இருவருக்கும் உடன்பாடு. அதை வெஸ்லி 'எனவே அனைவருக்கும்' எனவும், விட்ஃபீல்ட் 'எனவே கடவுள் விரும்பியவருக்கு' எனவும் முடித்தனர்.

7. தமிழ்ச் சூழல்

வைணவ மரபில் பிறந்து 1858இல் திருமுழுக்குப் பெற்ற எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை, பனியனின் கதையைத் தழுவி 3766 பாடல்களில் 'இரட்சணிய யாத்திரிக'த்தை இயற்றி 1894இல் வெளியிட்டார். பனியனிடத்தில் சிலுவைக் காட்சி மிகச் சுருக்கமானது. பயணி சிலுவையை அடைகிறான், சுமை வீழ்கிறது. கிருஷ்ணபிள்ளையோ குமார பருவத்தின் இரட்சணிய சரிதப் படலத்தில் இயேசுவின் பாடுகளைக் காப்பிய விரிவோடு பாடுகிறார். தழுவலில் நிகழ்ந்த இவ்விரிவு காப்பிய அலங்காரம் மட்டுமன்று எனக் கருத இடமுண்டு. 'நான் தெரிந்தெடுக்கப்பட்டவனா' என்று பயணி தன்னுள் நோக்கும் பார்வை, 'எனக்காகத் துன்புற்றவன் எத்தகையவன்' என்று புறநோக்கித் திரும்புகிறது. உயிரின் தகுதியைவிட இறைவனின் நீர்மையைப் பாடும் வைணவ வளர்ப்பு இத்திசைமாற்றத்திற்குத் துணைசெய்திருக்கலாம்.

திருச்சபை வரலாற்றிலும் ஒரு செய்தி கருதத்தக்கது. 1947 செப்டம்பர் 27 அன்று உருவான தென்னிந்தியத் திருச்சபையில் ஆங்கிலிக்கர், மெதடிஸ்ட்டுகள், பிரெஸ்பிட்டேரிய – காங்கிரிகேஷனல் மரபினர் ஒன்றிணைந்தனர். வெஸ்லியின் வழியினரும் கால்வினின் வழியினரும் ஒரே பந்தியில் அமர்ந்தனர். 1919இல் தரங்கம்பாடியில் தொடங்கிய இணைப்பு முயற்சியை நீட்டித்த முதன்மைச் சிக்கல் ஆயர் பணியின் தன்மை பற்றியதாகும், முன்குறிப்புப் பற்றியதன்று. டார்ட் பேரவைக் காலத்து வினா இங்கு விடையின்றியே பின்னுக்குச் சென்றது.

முடிவுரை

பூனை – குரங்கு உவமை அருளின் செயல்முறையை விளக்க வல்லது. அருளின் பரப்பை அளக்க வல்லதன்று. அர்மீனியரையும் வடகலையாரையும் தன்முயற்சிவாதிகளாகக் காட்டுவதும், கால்வினியரின் கைவிடல் கோட்பாட்டைத் தென்கலையார்மீது ஏற்றுவதும் இவ்வுவமையால் விளையும் இரு பிழைகள். இரு மரபுகளும் ஒன்றையொன்று சந்திக்கும் இடம் சர்வமுக்திப் பிரசங்கமாகும். பிரியும் இடம் கால எல்லையாகும்.

கார்ல் பார்த் 1942இல் வெளிவந்த தம் நூற்பகுதியில், தெரிந்தெடுப்பவரும் தெரிந்தெடுக்கப்பட்டவரும் கைவிடலை ஏற்றவரும் கிறித்துவே என விளக்கி இவ்விவாதத்தைப் புதிய திசைக்குக் கொண்டுசென்றார். அனைவரும் மீட்படைவர் என்பதைக் கோட்பாடாக அறிவிக்க அவர் இசையவில்லை. 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், தம் குற்றமின்றி நற்செய்தியை அறியாதோரும் மீட்படையக்கூடும் என்றது. இவை இரண்டும் மூன்றாம் கூற்றை வெளிப்படையாகக் கைவிடாமல் அதன் எல்லையைத் திறந்துவைக்கும் முயற்சிகள். ஒப்பியலாய்வு இனிக் கவனிக்க வேண்டியது இத்திறப்பையே. கால்வினியம் எந்த விலங்கின் குட்டிக்கு ஒப்பாகும் என்பதைவிட, ஒரு மரபு தன் கடவுளுக்கு எவ்வளவு காலம் அளிக்கிறது என்பதே பயனுள்ள வினாவாகும்.